சாரல் மார்க் ஒப்பாரி

“அந்தப் பாட்ட நிறுத்தணும், முதலாளி” என்றாள் உலகம்மாள்.

சங்கீதக் கமிட்டி அப்போது பாயசம் குடித்துக்கொண்டிருந்தது. டம்ளர்கள் உதட்டுக்குக் கொஞ்சம் கீழே அப்படியே நின்றன. சாரல் மார்க் சேமியாக் கம்பெனியில் ஒரு சிப்பந்தி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம், முன்பணம் கேட்கலாம், அழுதுகொண்டே கேட்டால் சில சமயம் கிடைக்கவும் செய்யும். பாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. அது கொழும்பு ரேடியோவில் முதன்முதலாக ஒலித்த அன்றைக்கு, அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, மானேஜர் சிவனணைந்தபெருமாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“ஏட்டி, நீ பி.ஏ. படிச்சவ. வாய் நீளமாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். முதலாளி பெத்த மகளக்கூட நீ கொற சொல்லிக்கோ. பாட்டச் சொல்லிராத. நிறுத்தச் சொல்லி மட்டும் கனவுலகூடக் கேட்டுராத.”

உலகம்மாளின் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பாளையங்கோட்டையில் படித்துப் பட்டம் வாங்கி வந்து, இந்தக் கமிட்டியின் தீர்மானங்களை எழுதுகிற வேலையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தலைமுறையின் கல்வி அதற்குத்தான் பயன்பட்டது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்தது கம்பெனி. பிழிந்த சேமியாவை மூங்கில் கம்புகளில் தலைமயிர் போலத் தொங்கவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். ஆனி ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டால் ஓர் இழை காயாது. வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மழை ஓயும்வரை கம்பெனி சங்கீதத்தை மட்டும் உற்பத்தி செய்தது. சேமியாவுக்குச் சாரல் என்று பெயர் வைத்தவர் முதலாளி தில்லைநாயகம். தன் தொழிலின் சத்துருவின் பெயரையே தன் சரக்குக்கு வைத்த வியாபாரி இந்த ஜில்லாவில் அவர் ஒருவர்தான். அதைத் துணிச்சல் என்று அவர் சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் வாங்கினார்கள்.

கமிட்டி கூடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குத்துவிளக்கு. பிறகு எல்லோரும் எழுந்து நிற்க, டேப் மெஷினில் பாட்டு ஓடும். பாட்டு முடிந்து உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பாயசம். பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போன கூட்டத்தில் கேட்டதைவிட இன்று பாட்டு எந்த விதத்தில் இனிமையாக இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒரே டேப்தான். ஆனாலும் இனிமை கூடாமல் போன கூட்டம் எதுவும் கிடையாது.

மெட்டமைத்தவர் சங்கீத ஆலோசகர் பால்வண்ணநாதன், முதலாளியின் மைத்துனர். முறையாகப் பாட்டுப் படித்தவர். கச்சேரி செய்ததில்லை. ஜனங்கள் இன்னும் தயாராகவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய பாட்டுக்குப் பின்னால் கிளாரினெட்டும் டோலக்கும் குதிக்கும்:

பாலெடுத்துக் காய்ச்சிவச்சேன் – கண்ணே
பதமாகப் பொங்குதென்ன
சேமியாவப் போட்டுவச்சேன் – பொன்னே
தித்திப்பா ஆனதென்ன

அடி முடிந்ததும் குழந்தைகள் கூட்டமாகக் கத்துவார்கள்: “சாரல், சாரல், சாரல்.” பஞ்சாயத்து ரேடியோவில் இது வந்தால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் பாண்டிச் சில்லைப் போட்டுவிட்டுச் சேர்ந்து கத்தும்.

“எதுக்கு நிறுத்தணும்?” என்றார் தில்லைநாயகம். கோபமாகக் கேட்கவில்லை. மழையை நிறுத்தச் சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அது எங்க அம்மா வச்ச ஒப்பாரி முதலாளி. எந் தங்கச்சி செத்ததுக்கு வச்சது.”

அந்தத் தங்கைக்குப் பெயர் செண்பகம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயது. ஓர் ஆடி மாதத்தில், குற்றாலத்து ஆற்றங்கரையில் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தபோது புதுவெள்ளம் வந்தது. அம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டது, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு. அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே நாளில் அதே கல்லில் அம்மா மாடத்தி போய் உட்காருவாள்.

சாந்துப் பொட்டு வச்சுவிட்டேன் – கண்ணே
சாரலிலே கரைஞ்சதென்ன
பூவாடை உடுத்திவிட்டேன் – பொன்னே
புதுவெள்ளம் கொண்டதென்ன

இப்படித் தொடங்கி, பொழுது சாயும்வரை நீளும். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் உலகம்மாளும் கூடப் போயிருந்தாள். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு ஒரு மனிதர் கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சீசனுக்கு வந்த பைத்தியம் என்று அவள் நினைத்தாள். பின்னால் சட்டை போட்ட கோலத்தில் அவரைக் கம்பெனியில் பார்த்தபோதும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பாட்டு ரேடியோவில் வந்த அன்றுதான் தெரிந்தது, அது பால்வண்ணநாதன் என்று.

அன்றைக்கே கேட்டிருப்பாள். வீட்டில் வேறு சம்பளம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அம்மா அந்தப் பாட்டு வருகிறபோதெல்லாம் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். போகட்டும், ரேடியோவுக்குத்தானே, என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் ஆய்க்குடியில் மாடத்தியின் மதினி இறந்துபோனாள். கூடவே வளர்ந்தவள். மாடத்தி வாசலிலேயே தலையை அவிழ்த்துப்போட்டு உள்ளே வந்தாள், பிணத்தின் காலடியில் உட்கார்ந்தாள், பாட எடுத்தாள். அவளுக்கு வந்தது அந்த மெட்டுத்தான். முதல் இரண்டு அடி முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில் மற்றப் பெண்கள் சேர்ந்து அழ வேண்டும். அந்த இடைவெளியில், தெருவில் நின்ற பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தினார்கள்: “சாரல், சாரல், சாரல்.”

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது, சொன்னார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். இன்னொருத்திக்கு முடியவில்லை. கடைசியில் இறந்தவளின் மகனே சிரித்துவிட்டான். சிரித்துவிட்டோம் என்று தெரிந்ததும் தன் வாயில் தானே அறைந்துகொண்டு அழுதான். மாடத்தி வாயை மூடினாள். அதற்குப் பிறகு எந்த இழவு வீட்டிலும் திறக்கவில்லை.

இதையெல்லாம் உலகம்மாள் கமிட்டியில் சொன்னாள். பாயசம் ஆறி ஆடை கட்டியது. பால்வண்ணநாதன் பதில் சொல்ல எழுந்தார்.

“அன்பர்களே, துக்கம் என்பது என்ன? வேகக் குறைவு, அவ்வளவுதான். மெதுவாக ஓடுகிற பஸ்ஸில் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். முடுக்கிவிட்டால் ஏற முடியாது. நான் அந்த மெட்டை முடுக்கினேன். துக்கம் சாலையிலேயே நின்றுவிட்டது. இப்போது அதற்குள் இருப்பது சந்தோஷமும் சேமியாவும் மட்டுமே. இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மெட்டைக் கட்டியது யார்? அருவி கட்டியது. நான் போய் எடுத்துவந்தேன். நடுவில் இந்தப் பெண்ணின் தாயார் உட்கார்ந்திருந்தார்கள். அதற்காக நான் அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை.”

கைதட்டினார்கள். பிறகு தீர்மானம் போட்டார்கள். மேற்படி மெட்டு ஒப்பாரிதான் என்பதை மேற்படி தாயார் கமிட்டியின் முன்னிலையில் பாடி நிரூபிக்க வேண்டியது; நிரூபித்தால் பாட்டை நிறுத்துவது பற்றி யோசிக்கப்படும். உலகம்மாளே எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “அம்மா இங்கன வந்து பாட மாட்டா” என்றாள்.

“ஏன்?”

“சாவு விழாத எடத்துல ஒப்பாரி வைக்க மாட்டாவ முதலாளி. வச்சா, அங்கன சாவு விழும்பாவ. ஆத்தங்கரை வேற. அது பிள்ள செத்த எடம்.”

தில்லைநாயகம் யோசித்தார். “அவ்வளவுதான? அப்ப ஒரு சாவுக்கு ஏற்பாடு பண்ணிருவோம்.”

மானேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“நெசச் சாவு இல்ல ஓய். ஒரு ஆள் செத்தவன் மாதிரிப் படுத்தாப் போதும். முறை முறையா நடந்தமாதிரியும் ஆச்சு.”

யார் படுப்பது என்பதில் அன்று பொழுது போனது. விற்பனைப் பிரதிநிதி யாக்கூப் முந்திக்கொண்டார். “நான் படுத்தா ஒங்க முறைப்படி செல்லாதுல்லா முதலாளி” என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். மானேஜர் தனக்கு ரத்த அழுத்தம் என்றார். வாச்மேன் உச்சிமாகாளி படுக்கலாம் என்று ஒருமனதாக முடிவானபோது பால்வண்ணநாதன் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். உச்சிமாகாளி தற்காலிகச் சிப்பந்தி. தற்காலிகச் சிப்பந்தியின் சாவு கம்பெனியின் சாவு ஆகாது. ஆகவே அவனை உடனே நிரந்தரமாக்கினார்கள். செத்திருக்கும் நேரம் வேலை நேரமாகக் கருதப்படும் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் மாடத்தி மகள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு அடி பாடினாப் போதும்மா. பாட்டு நின்னுரும்.”

“பொணம் யாரு?”

“வாச்மேன்.”

மாடத்தி எழுந்தாள். வெளுத்த சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தாள்.

பேக்கிங் ஹாலில் பெஞ்சு போட்டு உச்சிமாகாளியைக் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. தலைமாட்டில் விளக்கு, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் முதலாளிக்குப் போன விழாவில் போட்ட மாலை. காலடியில் டேப் மெஷின். பால்வண்ணநாதன் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார், தொடையில் கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

மாடத்தி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏலே, ஒனக்குப் பெண்டாட்டி இருக்காளா?”

பிணம் கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னது. “இருக்கா ஆச்சி. வாசுதேவநல்லூர்க்காரி.”

“பிள்ளைக?”

“ஒரு பொட்டப்பிள்ள.”

“நீ இங்கன இப்படிக் கெடக்கது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாது ஆச்சி. வேல நெரந்தரம்னாவ.”

மாடத்தி குனிந்து அவன் கால்கட்டை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். பிறகு முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள், குளிப்பாட்டிய பிள்ளைக்குத் துடைப்பதுபோல. “எந்தி. வீட்டுக்குப் போ. பிள்ளயத் தூக்கி மடியில வச்சுக்கோ” என்றாள்.

உச்சிமாகாளி ஒரு கண்ணை மட்டும் திறந்து முதலாளியைப் பார்த்தான். “எந்திக்கலாமா முதலாளி?”

முதலாளி மைத்துனரைப் பார்த்தார். அவன் எழுந்துவிட்டான். மாடத்தி வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“அம்மா சாட்சி சொல்லலியே” என்று தில்லைநாயகம் வருத்தப்பட்டார். உண்மையான வருத்தம். “நம்ம பக்கத்துல ஒரு கொறையும் வைக்கல. மாலைகூடப் புதுசு மாதிரிதான இருந்துச்சு?”

அன்றைய தீர்மானங்கள் இரண்டு. சாட்சி பாடாத காரணத்தால் மேற்படி மெட்டு ஒப்பாரி அல்ல. அனுமதியின்றி உயிர்த்தெழுந்த காரணத்தால் உச்சிமாகாளி மீண்டும் தற்காலிகம். உலகம்மாளின் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது.

ஆடி பிறந்தது. செண்பகத்தின் நாள் வந்தது. விடிந்ததுமே மாடத்தி கிளம்பிவிட்டாள்.

“இன்னைக்காவது பாடுவியாம்மா?” என்று உலகம்மாள் கேட்டாள்.

மாடத்தி செருப்பில்லாத காலால் வாசல் ஈரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அந்த மெட்ட எடுத்தா, அந்தப் பிள்ளைக கத்துததுதாம்ட்டி காதுல விழுது. முன்னெல்லாம் பாட எடுத்தாப் போதும், செம்பகம் வந்துருவா. பொட்டு கலஞ்சு, மூக்கு ஒழுகிக்கிட்டு, அப்படியே வந்து நிப்பா. இப்ப மொகம் வர மாட்டேங்கு. எப்படி இருப்பான்னே மறந்துரும்போல இருக்கு.”

“எப்படி இருப்பான்னு நான் சொல்லுதேன்மா.”

“நீ சொன்னா அது ஒனக்குத் தெரிஞ்ச செம்பகம்” என்று சொல்லிவிட்டு மாடத்தி பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று கமிட்டி இருந்தது. உலகம்மாள் போனாள். விளக்கு ஏற்றினார்கள், எழுந்து நின்றார்கள், பாட்டுக் கேட்டார்கள். இனிமை கூடியிருந்தது. பிறகு யாக்கூப் விற்பனை விவரம் சொன்னார். சரக்கு பறக்கிறதாம். கீழப்பாவூர்க் கடைகளில் மறுபடி மறுபடி கேட்கிறார்களாம்.

“முகூர்த்தமே இல்லாத மாசம். எப்படி ஓய் பறக்குது?” என்றார் தில்லைநாயகம், மனம் குளிர்ந்துபோய்.

யாக்கூப் டம்ளரைக் கீழே வைத்தார். “கேட்டதுனால சொல்லுதேன் முதலாளி. கல்யாண வீட்டுக்காரன் நம்ம பாக்கெட்டக் கையால தொட மாட்டேங்கான். பதினாறாம் நாள் விசேஷம்னா நம்ம சரக்குத்தான். மெட்டக் கேட்ட அன்னைக்கே பொம்பளைக கண்டுக்கிட்டாளுக. இழவு வீட்டுச் சேமியா குடுங்கன்னுதான் கடையில கேக்காளுக.”

இப்போதாவது பாட்டு நிற்கும் என்று உலகம்மாள் நினைத்தாள். நினைத்ததற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் படித்த புத்தகங்கள் அப்படி.

தில்லைநாயகம் எழுந்தார். மேடைத் தமிழ் வந்துவிட்டது.

“அன்பர்களே, கல்யாணம் வாழ்க்கையில் ஒருமுறை. சிலருக்கு அதுவும் நடப்பதில்லை. சாவு இதுவரை யாரையும் கைவிட்டதில்லை. முகூர்த்தம் பார்ப்பதில்லை, சாதி பார்ப்பதில்லை, சாரல் பார்ப்பதில்லை. இப்படி ஒரு வாடிக்கைக்காரன் நம் வாசலில் நிற்கிறான். நாம் அவனைக் கவனிக்கவே இல்லை. இனிமேல் நம்முடைய கம்பெனி துக்கப்படுகிற ஒவ்வொரு குடும்பத்தோடும் சேர்ந்து துக்கப்படும். அரைப் படி பாலுக்கு ஒரு பாக்கெட் வீதம்.”

“நான் அப்போதே சொன்னேன், இது அசல் ஒப்பாரி என்று” என்றார் பால்வண்ணநாதன். “வேகத்தைக் குறைத்துப் பதிவுசெய்துவிடலாம். கிளாரினெட்டை எடுத்துவிடலாம். குழந்தைகள் மட்டும் கடைசியில் இருக்கட்டும். மெதுவாகக் கத்தட்டும்.”

அதற்குப் பிறகு யோசனைகள் தாமாகவே வந்து விழுந்தன. ஆற்றங்கரையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போடுவது. ஒலிபெருக்கி கட்டுவது. வருகிறவர்களுக்கெல்லாம் செண்பகம் நினைவுப் பாயசம் கொடுப்பது.

“பிள்ள போட்டோ இருக்காம்மா?” என்று முதலாளி கேட்டார். குரலில் அன்பு இருந்தது.

“எடுத்ததில்ல.”

“பரவால்ல. நம்ம மானேஜர் பேத்தி அதே வயசுதான. அது போட்டோவ வச்சுருவோம்.”

சிவனணைந்தபெருமாளின் டம்ளரிலிருந்து பாயசம் வேட்டியில் சிந்தியது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது, ஏதோ சாமி பேராக இருக்கும்.

“மிச்ச அடியெல்லாம் ஒனக்குத் தெரியும்லா? பொழுது சாயுறவரைக்கும் பாடுவாவன்னு சொன்னியே” என்று தில்லைநாயகம் அவள் பக்கம் திரும்பினார். “எழுது தாயி. பாட்டோட கடைசியில ஒங்க அம்மா பேரும் சொல்லச் சொல்லுதேன்.”

உலகம்மாளுக்கு எல்லா அடியும் தெரியும். அம்மாவுக்கு மறந்த அடிகூடத் தெரியும். பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். காலையில் அம்மா பஸ்ஸுக்குப் போனதுமே எல்லாம் முடிவாகியிருந்தது. கமிட்டிக்கு ஒரு கடைசிச் சந்தர்ப்பம் கொடுக்க வந்திருந்தாள், அவ்வளவுதான்.

“அந்த மெட்ட நீங்களே வச்சுக்கிடுங்க, முதலாளி. அது செத்துப்போச்சு. எங்களுக்கு வேண்டாம்.”

“எங்க போற? கூட்டம் முடியலயே.”

“குத்தாலத்துக்கு. அம்மா தனியா உக்காந்திருக்கா.”

மானேஜர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். “ஏட்டி, வேல போயிரும்ட்டி. ஒரு வார்த்த மாத்திச் சொல்லிரு.”

“போகட்டும் அண்ணாச்சி. நீங்க போய்ப் பேத்தி போட்டோவக் குடுக்காதிய.”

“அதுக்கு என்னட்டி பண்ணச் சொல்லுத என்ன?” என்றார் அவர். அவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டத் தோன்றவில்லை. படியிறங்கினாள்.

முற்றத்தில் வெறும் மூங்கில் கம்புகள் நனைந்துகொண்டிருந்தன. கல்யாணமாகாத பெண் ஒப்பாரிக்கு வாய் திறக்கக் கூடாது என்பார்கள். அவளும் இதுவரை திறந்ததில்லை, கூச்சமாக இருக்கும், படித்த பெண் என்று வேறு. இன்றைக்குத் திறப்பதாக இருந்தாள். பொட்டும் பூவாடையும் அவர்களிடமே இருக்கட்டும். செண்பகத்துக்கு ஒழுகுகிற மூக்கு இருந்தது. முழங்காலில் சிரங்கு இருந்தது. அக்காளின் பலப்பத்தைத் திருடித் தின்கிற வழக்கம் இருந்தது. அதையெல்லாம் இன்னும் யாரும் பாடவில்லை.

சாலைக்கு வந்து பஸ் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. சாரலில் இறங்கி நடந்தாள். குற்றாலம் மூன்று மைல். அதற்குள் ஒரு மெட்டுக் கட்ட முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்தப் பிள்ளையும் நடுவில் பதில் கத்த முடியாதபடி, மூச்சு விட இடமே வைக்காமல் கட்ட வேண்டும்.